கிரீஸ் ஏறவில்லை என்றால் உடனே நிப்பிளைத் திட்டாதீர்கள்

ஒரு மூட்டுக்குக் கிரீஸ் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் மூட்டின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். புஷ்ஷும் (பின்னைச் சுற்றியிருக்கும் உலோகக் குழாய்) பின்னும் (மூட்டின் அச்சுத் தண்டு) சேரும் இடத்தில் கறுத்த பழைய கிரீஸ் பிதுங்கி, அதன் பின்னால் புதுசு நிறம் காட்டினால் வேலை முடிந்தது. கிரீஸை உள்ளே ஏற்றும் சின்ன முனையான நிப்பிளைச் சுற்றி மட்டும் குவிந்து கிடந்தால், எத்தனை அடி அடித்திருந்தாலும் உள்ளே ஒன்றும் போகவில்லை என்றுதான் அர்த்தம். பின் தேய்ந்து ஆட்டம் கண்டு பட்டறைக்கு வருகிற இயந்திரங்கள் பலவற்றில் நிப்பிளைச் சுற்றி மட்டும் கிரீஸ் பளபளக்கும். "தினமும் அடிக்கிறோமே அண்ணே" என்பார் ஆபரேட்டர். பொய் இல்லை. அடித்திருக்கிறார், ஏறவில்லை.

ஏறாதபோது பலரும் நேராக நிப்பிளைக் கழற்றி வீசிவிட்டுப் புதுசு போடுவார்கள். அதிலும் ஏறாது. அப்புறம் கிரீஸ் அடிக்கும் கன் மேல் சந்தேகம், அதற்கப்புறம் கிரீஸ் மேல் சந்தேகம். நான் பார்க்கும் வரிசை வேறு: முதலில் கன், பிறகு நிப்பிள், அடுத்து அதன் பின்னால் இருக்கும் வழி, கடைசியில் மூட்டு. கிரீஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இதற்கு என் டப்பாவில் எப்போதும் ஒரு புது நிப்பிள் தனியாக இருக்கும். மாட்டுவதற்கு இல்லை, சோதிப்பதற்கு. கன்னின் கப்ளரை, அதாவது நிப்பிளைக் கவ்விப் பிடிக்கும் முனையை, அதன் மேல் மாட்டி அடித்துப் பார்ப்பேன். மறுமுனையில் கிரீஸ் புழு மாதிரி நிற்காமல் வந்து, கப்ளர் ஓரத்தில் கசியாமல் இருந்தால் கன்னில் குறை இல்லை. ஒன்றும் வராமல் கைப்பிடி லேசாக ஆடினால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. கிரீஸ் டியூபை மாற்றிய கையோடு இது அடிக்கடி நடக்கும். தலையைக் கொஞ்சம் தளர்த்தி, பின்பக்கத் தண்டை உள்ளே அழுத்தி, ஓரத்தில் கிரீஸ் எட்டிப் பார்த்ததும் இறுக்கிவிட்டால் போதும். கப்ளர் ஓரத்தில் கசிந்தால் அதன் வாயில் இருக்கும் தாடைகள் தளர்ந்திருக்கின்றன. பல கப்ளர்களில் முன்பக்க உறையைக் கொஞ்சம் திருகி இறுக்கினால் பிடி திரும்பிவிடும். அதற்கும் அடங்காவிட்டால் கப்ளரையே மாற்றிவிடுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். தேய்ந்த கப்ளரை வைத்துக்கொண்டு நல்ல நிப்பிள்களைச் சந்தேகப்படுவதில்தான் நிறைய நேரம் வீணாகிறது.

அடுத்து இயந்திரத்தில் இருக்கும் நிப்பிளைக் கழற்றி, அதையே கையோடு கப்ளரில் மாட்டி அடியுங்கள். தாராளமாக வந்தால் அடைப்பு இயந்திரத்துக்குள்ளே. வராவிட்டால் நிப்பிள்தான் காரணம். இந்த ஒரு சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாமல் அரை நாள் மல்லுக்கட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நிப்பிளுக்குள் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. முனையில் ஒரு சின்னக் குண்டு, அதன் பின்னால் ஒரு ஸ்பிரிங். கன்னின் அழுத்தம் குண்டைத் தள்ளி வழி திறக்கும். அழுத்தம் நின்றதும் ஸ்பிரிங் குண்டைத் திரும்பக் கொண்டுவந்து மூடும். ஆஸ்கார் செர்க் என்பவருக்கு அமெரிக்காவில் 1929இல் காப்புரிமை கிடைத்த அமைப்பு. இன்றைக்கும் அடிப்படையில் அதுவேதான், அந்த நாட்டு மேனுவல்களில் அவர் பெயரிலேயே போட்டிருப்பார்கள். குண்டு சிக்குவதற்குக் காரணம் மண், காய்ந்த கிரீஸ், துரு, பெயின்ட் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும். புதுப் பெயின்ட் அடித்து வந்த இயந்திரம் என்றால் முதலில் பெயின்டைத்தான் பாருங்கள். மெல்லிய கம்பியால் குண்டை அழுத்தி, ஒரு சொட்டு டீசல் விட்டு, மறுபடி அழுத்தினால் சில சமயம் விடுபடும். கையில் மாற்று இல்லாதபோது அது சரி. மாற்று இருந்தால் அதைச் சுத்தம் செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. முழு இயந்திரத்திலும் மலிவான உருப்படி அதுதான்.

உள்வழி அடைத்தால்தான் உண்மையான வேலை. ஒரு லோடரின் பக்கெட் பின் நினைவுக்கு வருகிறது. நிப்பிள் பின்னின் தலையில் இருந்தது. அந்த வகைப் பின்னில் தலையிலிருந்து நீளவாக்கில் ஒரு துளை உள்ளே போகும், நடுவில் குறுக்குத் துளை ஒன்று அதைப் புஷ்ஷோடு சேர்க்கும். கன் நன்றாக இருந்தது, கழற்றிய நிப்பிளிலும் கிரீஸ் வந்தது. துளைக்குள் கம்பி விட்டேன். இரண்டு விரல்கடை போனதும் நின்றது. இரும்பில் முட்டினால் 'டக்' என்று கைக்குத் தெரியும். இது அப்படி இல்லை, அழுத்தினால் கொஞ்சம் உள்வாங்கியது. காய்ந்த கிரீஸ். கம்பி நுனியைக் கொக்கியாக வளைத்துச் சுரண்டியபோது கரும்பழுப்பில் உதிரி உதிரியாக வந்தது. எண்ணெய் எல்லாம் எப்போதோ பிரிந்து போய்க் கெட்டியாக்கும் பொருள் மட்டும் மிச்சம். அதன் மேல் கன்னால் எவ்வளவு அழுத்தினாலும் இன்னும் இறுகும், அவ்வளவுதான்.

எட்டும் வரை சுரண்டிவிட்டு, நிப்பிளைத் திரும்ப மாட்டி, சுத்தியலால் அடிக்கும் உருளைக் கருவியில் மெல்லிய எண்ணெய் நிரப்பி அடித்தோம். ஒரு முனை நிப்பிளில் உட்காரும், மறுமுனையில் இருக்கும் தண்டைச் சுத்தியலால் தட்டினால் எண்ணெய் சட்டென்று அழுத்தத்தோடு உள்ளே பாயும். முதலில் தண்டு அடித்த இடத்திலேயே எம்பி நின்றது. அப்படியே ராத்திரி ஊறவிட்டோம். காலையில் நிப்பிளைக் கழற்றி, சூடான காற்றடிக்கும் கன்னால் பின் தலையையும் சுற்றியுள்ள இரும்பையும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கிவிட்டு, நிப்பிளைத் திரும்ப மாட்டி மறுபடி அடித்தபோது தண்டு மெல்ல உள்ளே இறங்கியது. கேஸ் தீ வேண்டாம். சீல் (கசியாமல் தடுக்கும் வளையம்) கருகும், கிரீஸே பற்றிக்கொள்ளும். சூடாக்கும்போது துளை திறந்தே இருக்க வேண்டும், மூடிய இடத்தில் கிரீஸைச் சூடாக்குவது விளையாட்டில்லை. சுத்தியல் வேலைக்குக் கண்ணாடி கட்டாயம், துளைக்கு நேராக முகத்தை வைக்கவும் கூடாது.

வழி திறந்ததும் கிரீஸ் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் வந்தது, மறுபக்கம் காய்ந்தே கிடந்தது. இங்கேதான் பலரும் 'வந்துவிட்டது' என்று நிறுத்திவிடுவார்கள். கிரீஸ் சோம்பேறி, எளிதான வழி கிடைத்தால் அதிலேயே போய்க்கொண்டிருக்கும். பளு தாங்கும் பக்கத்தில் பின்னும் புஷ்ஷும் ஒட்டிக் கிடப்பதால் அங்கே இடைவெளியே இருக்காது. பக்கெட்டைக் கட்டைகள் மேல் இறக்கி, என்ஜினை அணைத்து, லீவர்களை ஆட்டி ஹைட்ராலிக் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, கடப்பாரையால் பக்கெட்டைக் கொஞ்சம் நெம்பிப் பளுவை எடுத்தோம். கைப்பிடியின் கனம் உடனே குறைந்தது தெரிந்தது. பக்கெட்டை இரண்டு மூன்று தடவை மடக்கி நீட்டி, மறுபடி இறக்கி அடித்ததில் மறுபக்கமும் கறுப்பாகப் பிதுங்க ஆரம்பித்தது. டிராக்டரின் முன்அச்சு, கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சு) எல்லாவற்றுக்கும் இதேதான்: ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் உட்காரவைத்து, சக்கரம் தொங்கும் நிலையில் கிரீஸ் அடியுங்கள். தரையில் நின்றபடி அடித்தால் மேலோடு போய்விடும்.

இவ்வளவுக்கும் அசையாவிட்டால் பின்னை வெளியே எடுத்துவிட வேண்டியதுதான். புஷ் சுற்றிக்கொண்டு அதன் துளை வெளித் துளைக்கு நேராக இல்லாமல் போயிருந்தால் எந்தக் கருவியும் உதவாது. கம்பி இரும்பில் 'டக்' என்று முட்டுகிற இடம், குறுக்குத் துளை இருக்க வேண்டிய ஆழத்துக்கு முன்பே வந்தால் எனக்கு முதல் சந்தேகம் அதுதான்.

அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கையால் அடிக்கும் லீவர் கன் பத்தாயிரம் பிஎஸ்ஐ வரை கொடுக்கக்கூடியது, கிட்டத்தட்ட 690 பார். கார் டயரில் இருப்பது முப்பது பிஎஸ்ஐக்குக் கொஞ்சம் மேல். வெடித்த ஹோஸின் ஊசித் துளையிலிருந்தோ கப்ளர் ஓரத்திலிருந்தோ வரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது. உள்ளே அது சதைக்கும் தசைநாருக்கும் நடுவே பரவியிருக்கும். நேரம் கடந்தால் விரல் போகும். துடைத்துவிட்டு வேலையைத் தொடராமல் அப்போதே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தோடு கிரீஸ் ஏறியது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். இது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம், சாதாரணக் காயமாகக் கட்டுப் போட்டு அனுப்பிவிடக் கூடாது. கசிவு எங்கே என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கமும், நைந்த ஹோஸைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு அடிக்கும் பழக்கமும் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, நிப்பிள் முறிந்து அடிப்பாகம் மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டால்? ரோட்டவேட்டர், கலப்பை மாதிரி கல்லிலும் கட்டையிலும் உரசும் கருவிகளில் இது சகஜம். நல்ல விஷயம் என்னவென்றால் நிப்பிளின் தண்டு நடுவில் ஏற்கெனவே ஓட்டை. தனியாக டிரில் போட வேண்டியதில்லை, சின்ன ஈசி-அவுட்டை (முறிந்த துண்டைக் கடித்து வெளியே எடுக்கும் கூம்புக் கருவி) நேராக அந்த ஓட்டையில் தட்டி உட்காரவைத்து இடப்பக்கமாகத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டுவைத்தால் இன்னும் எளிது. ஈசி-அவுட் இல்லாவிட்டால் கூம்பான சதுரக் கம்பியைத் தட்டி இறக்கித் திருப்பலாம். ஒன்று மட்டும் கவனம்: ஓங்கி அறைந்து உட்காரவைத்தால் அந்த மெல்லிய தண்டு விரிந்து துளையை இன்னும் இறுக்கிக் கடிக்கும். ஈசி-அவுட் உள்ளே முறிந்தாலோ அதைத் துளைக்க சாதாரண டிரில் போதாது, அன்றைய நாளே போனது.

டிரில் போட்டே ஆக வேண்டும் என்றால் இரும்புச் சீவலுக்கு முதலில் ஏற்பாடு செய்யுங்கள். துளை நேராகப் பேரிங்குக்குப் போகிறது என்பதை மறந்துவிடக் கூடாது. துளைக்குள் கெட்டிக் கிரீஸ் அடைத்துவிட்டு, டிரில் நுனியிலும் மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களிலும் கிரீஸ் பூசி, கொஞ்சம் ஓட்டி, எடுத்துத் துடைத்து, மறுபடி பூசி என்று போனால் சீவல் கிரீஸில் ஒட்டி வெளியே வரும். காற்றடித்துச் சுத்தம் செய்தால் சீவலை நீங்களே பேரிங்குக்குள் அனுப்பியதாகும். யூனிவர்சல் ஜாயின்ட்டின் கிராஸில் (சுழலும் இரண்டு தண்டுகளைச் சேர்க்கும் சிலுவைத் துண்டு) இந்த வேலையே வேண்டாம். அது கடினப்படுத்திய இரும்பு, டிரில் வழுக்கும். கிராஸை மாற்றிவிடுவது மேல்.

மரை விஷயத்தில் அவசரப்படவே கூடாது. கைக்குக் கிடைத்த நிப்பிளை முடுக்கிப் பார்த்து, 'பிடிக்கிறது' என்று விட்டுவிடுவார்கள். கால் அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 28 மரை உள்ளதும் எம்6ம் (6 மில்லி மெட்ரிக் மரை) பக்கத்தில் வைத்தால் ஒன்று மாதிரியே இருக்கும். ஒன்று 6.35 மில்லி, மற்றது 6. கால் அங்குலத் துளையில் எம்6 நிப்பிள் லொடலொடவென்று இரண்டு சுற்று ஏறி நிற்கும். கன் அழுத்தம் வந்ததும் பிய்த்துக்கொண்டு பறக்கும். அது பறந்து தகரக் கதவில் பள்ளம் விழுந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அங்கே ஆள் நிற்கவில்லை. இதைவிடக் குழப்புவது எம்10ம் எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரைகளும். பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) 9.73 மில்லி, அங்குலத்துக்கு 28 மரை. என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை) ஏறக்குறைய 10.3 மில்லி, 27 மரை. எம்10 நிப்பிளில் மரைக்கு மரை ஒரு மில்லி, அதாவது அங்குலத்துக்கு 25.4. ஒன்றின் துளையில் மற்றது முதல் சுற்று ஏறிவிடும், அப்புறம் ஸ்பேனரால் இறுக்கினால் மரையைத் தின்றுவிடும். மரை அளக்கும் கேஜும் வெர்னியரும் வைத்து பழைய நிப்பிளை அளந்துவிட்டு எடுங்கள். கையால் மூன்று சுற்றாவது சிரமமில்லாமல் ஏறாத நிப்பிளுக்கு ஸ்பேனர் போடுவதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை வராது.

மரை போய்விட்டால் ஒரு சுற்றுப் பெரிதாக்கலாம். எம்6 அல்லது கால் அங்குலத் துளை தேய்ந்திருந்தால் 7 மில்லி டிரில் போட்டு, எம்8க்கு 1 மில்லி பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி) டேப் ஓட்டினால் எம்8 நிப்பிள் கச்சிதமாக உட்காரும். எம்8 போயிருந்தால் 9 மில்லி டிரில், எம்10க்கு அதே 1 மில்லி டேப். பட்டறையில் சட்டென்று கைக்கு வரும் எம்8 டேப் 1.25 பிட்ச், போல்ட்டுக்கானது. அதை ஓட்டிவிட்டால் அந்தத் துளையில் நிப்பிள் எதுவும் ஒழுங்காக உட்காராது. சுற்றிலும் போதுமான இரும்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மெல்லிய சுவர் உள்ள வார்ப்பு ஹவுசிங்கில் பெரிதாக்கினால் விரிசல் விடும். அங்கே மரையே இல்லாத, தட்டி இறக்கும் நிப்பிள் பரவாயில்லை, ஆனால் அழுத்தம் அதிகம் கேட்கிற இடத்துக்கு அதை நான் நம்புவதில்லை.

இறுக்கும்போது பலம் காட்ட வேண்டாம். உள்ளே ஓட்டை உள்ள சின்னத் தண்டு, நீள ஸ்பேனருக்கு முறிந்துவிடும். ஸ்பேனர் அளவுகள் 7, 9, 11 மில்லி என்றே பெரும்பாலும் வரும், முறையே எம்6, எம்8, எம்10க்கு. டெப்லான் நாடா சுற்றும் பழக்கம் சிலருக்கு உண்டு. கூம்பு மரை தானாகவே அடைத்துக்கொள்ளும், நாடா தேவையில்லை. சுற்றினால் அதன் துணுக்கு வழிக்குள் போய் நாளைக்கு இன்னொரு அடைப்பு. வளைந்த நிப்பிள் கன் எட்டாத பக்கம் பார்த்து நின்றால் சிலர் அதைத் தளர்த்தித் திருப்பி விடுகிறார்கள். அப்படித் தளர்ந்த மரையில் கசியும், அதிர்வில் கழன்றும் விழும். 45 டிகிரி, 90 டிகிரி, நேரானது மூன்றையும் வாங்கி வைத்துக்கொண்டு பொருந்துகிறதைப் போடுவதுதான் முறை.

நிப்பிள் மாதிரி இருப்பதெல்லாம் நிப்பிள் இல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். செயின் டிராக் உள்ள எக்ஸ்கவேட்டரில் டிராக்கை இழுத்துப் பிடிப்பது கிரீஸ் நிரம்பிய ஒரு சிலிண்டர். அதில் இருக்கும் வால்வு பார்ப்பதற்கு நிப்பிள் போலவே இருக்கும், பின்னால் இருக்கும் அழுத்தம் ஆளைக் கொல்லும் அளவு. கசிகிறதே என்று சாதாரண நிப்பிள் மாதிரி கடகடவென்று கழற்றினால் துப்பாக்கிக் குண்டுதான். மேனுவலில் சொன்னபடி பக்கவாட்டில் நின்று, மெல்லத் தளர்த்தி, ஒரு சுற்றுக்கு மேல் போகாமல் கிரீஸை வெளியேற்ற வேண்டும். மாற்றும்போதும் அதற்கே உரிய வால்வைத்தான் போட வேண்டும். சில ஹவுசிங்குகளில் அதிக அழுத்தத்தை வெளியே விடும் ரிலீஃப் வால்வும் இதே உருவத்தில் இருக்கும். அந்த இடத்தில் நிப்பிளை மாட்டிவிட்டால் அடுத்து வெளியே வருவது சீல்.

சீல் என்றதும், எல்லா மூட்டுக்கும் வழியும் வரை அடிக்கக் கூடாது என்பதும் சேர்த்தே வருகிறது. பின்னும் புஷ்ஷும் உள்ள இடங்களில் பழையது வெளியே வரும் வரை அடிக்கலாம். யூனிவர்சல் கிராஸில் நான்கு கப்பிலும் எட்டிப் பார்க்க வேண்டும், மூன்றில் வந்து ஒன்றில் வராவிட்டால் அந்த ஒன்றுதான் முதலில் போகும். மோட்டார் பேரிங் அப்படி இல்லை. கீழே உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்துவைத்து, மேனுவலில் சொன்ன கிராம் அளவு மட்டும் அடித்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு மூட வேண்டும். அதிகமானால் பேரிங் கிரீஸைக் கடைந்துகொண்டே சூடாகும், சில மோட்டாரில் சுருளுக்குள்ளும் போய்விடும். உங்கள் கன் ஒரு அடிக்கு எத்தனை கிராம் கொடுக்கிறது என்று பத்து அடி அடித்துத் தராசில் வைத்துப் பத்தால் வகுத்துப் பாருங்கள். கன்னுக்குக் கன் வித்தியாசப்படும், 'பத்து அடி' என்ற பேச்சுக்கு அதனால்தான் அர்த்தம் இல்லை.

கிரீஸை மாற்றும்போது நிறத்தை நம்பாதீர்கள், நிறம் வெறும் சாயம். லித்தியம் கிரீஸ் இருந்த இடத்தில் பாலியூரியாவோ களிமண் வகையோ கலந்தால் சில சேர்க்கைகள் தண்ணீராக இளகும், சில இறுகும். மேலே சொன்ன அடைப்புகளில் சில இப்படி வந்தவைதான் என்பது என் ஊகம். வெளியே வரும் கிரீஸ் பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மினுமினுத்தால் உலோகம் தேய்கிறது. இரண்டிலும் நிப்பிளை மாற்றிப் பயனில்லை, சீலையும் பேரிங்கையும் பாருங்கள்.

மாட்டி முடித்ததும் நிப்பிள் முனையில் ரப்பர் மூடி போட்டுவிடுங்கள். மூடி இல்லையென்றால் துடைத்துவிட்டு ஒரு பொட்டுக் கிரீஸை முனையிலேயே விட்டுவிடலாம், மண் அதில் ஒட்டும், குண்டுக்குப் போகாது. ஆனால் அடுத்த முறை கன் வைக்கும் முன் அந்தப் பொட்டைத் துடைத்தாக வேண்டும். துடைக்காமல் கப்ளரை மாட்டினால் அந்த மண்ணைத்தான் முதலில் உள்ளே தள்ளுவோம். கன்னின் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டித் தொங்கவிட்டால் மறக்காது.